மூன்று லேப், ஒரே தரவு: கணினிச் செய்முறைக் கல்வி எங்கே நழுவுகிறது?

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் எடுத்தவருக்கு 100 மதிப்பெண்ணில் 30 செய்முறைக்கு. பாண்டாஸ், மேட்பிளாட்லிப் நிரல்களுக்கு 8, எஸ்.க்யூ.எல். குவெரிகளுக்கு 7, ரெக்கார்டு, புராஜெக்ட், வைவா மூன்றுக்கும் தலா 5. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைதான், தரவுத்தளம், எஸ்.க்யூ.எல்., சி.எஸ்.வி. கோப்பு என்று நகர்ந்து, கோட்டு வரைபடமும் பட்டை வரைபடமும் வட்ட வரைபடமும் வரைவதில் முடிகிறது. 2019இல் இந்த நூல் வரும்வரை அதே வகுப்பு மாணவர்கள் ஸ்டார் ஆபீஸும் சி++உம் படித்துக்கொண்டிருந்தார்கள். பொறியியல் கல்லூரிக்குள் போனால் டி.பி.எம்.எஸ். (தரவுத்தள மேலாண்மை) லேப் ஒரு பருவம், மறையெழுத்தாக்கமும் இணையப் பாதுகாப்பும் இன்னொரு பருவம், தரவுக் காட்சிப்படுத்தல் வேறொரு பருவம்.

காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. உலக அளவிலும் போக்கு இதுதான். ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. அமைப்புகள் வெளியிடும் மாதிரிப் பாடத்திட்டத்தில் 2013இல்தான் தகவல் பாதுகாப்பு தனி அறிவுப் புலமாக இடம்பெற்றது. 2023 பதிப்பில் 'தகவல் மேலாண்மை' என்ற பழைய புலம் 'தரவு மேலாண்மை' ஆனது.

கேள்வி வேறு. இந்த மூன்று லேபும் தனித்தனி நோட்டுகளில் தனித்தனித் தரவுகளோடு நடக்கின்றன. டி.பி.எம்.எஸ். லேபில் உருவாக்கிய டேபிள் அந்தப் பருவத்தோடு மறைந்துவிடுகிறது. பாதுகாப்பு லேபில் ஒரு வாக்கியத்தைச் சீசர் முறையில் மறையெழுத்தாக்குகிறார்கள். அது எந்த டேபிளில் இருந்தும் வந்ததல்ல. வரைபட வகுப்பில் கைக்கு வருவது யாரோ சுத்தம் செய்து வைத்த கோப்பு. ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் தரவு சார்ந்து நடந்த பெரிய விபத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடம் தொடங்கும் இடத்தில்தான் நேர்ந்திருக்கிறது.

பதினான்கு ஊழியர்கள்

ஆரக்கிளில் பயின்ற எவருக்கும் 'எம்ப்', 'டெப்ட்' என்ற இரண்டு டேபிள்கள் மனப்பாடம். 14 ஊழியர்கள், 4 துறைகள். உள்ளே நுழையப் பயனர் பெயர் ஸ்காட், கடவுச்சொல் டைகர். ஸ்காட் என்பது ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட். டைகர் அவர் வீட்டுப் பூனை. பல தலைமுறை மாணவர்கள் இந்தப் பதினான்கு பேரின் சம்பளத்தைக் கூட்டியும் கழித்தும்தான் ஜாயினையும் குரூப் பையையும் கற்றார்கள்.

இந்த முறைக்குப் பின்னால் உறுதியான கோட்பாடு உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். அதே நிறுவனத்தின் டொனால்டு சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதற்கான கேள்வி மொழியை உருவாக்கினார்கள். அதுவே எஸ்.க்யூ.எல். ஆகி, 1986இல் அமெரிக்கத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாகக் கைவிடப்படாத கணினி மொழிகள் சிலவே. பாடத்திட்டம் இதைப் பிடித்துக்கொண்டதில் தவறே இல்லை.

ஆனால் எம்ப் டேபிளில் அழுக்கே கிடையாது. ஒரே ஆள் இரண்டு பெயரில் வரமாட்டார். தேதி ஓரிடத்தில் நாள் முந்தியும் இன்னோரிடத்தில் மாதம் முந்தியும் இருக்காது. வெளியே கிடைக்கும் தரவு அப்படி வருவதில்லை. 03/04/2024 என்ற எழுத்தைப் பாண்டாஸிடம் அப்படியே கொடுத்தால் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். எழுதியவர் நினைத்ததோ ஏப்ரல் 3. நிரல் எந்தப் பிழையும் காட்டாது, ரெக்கார்டிலும் கையெழுத்து விழுந்துவிடும்.

மரபணு ஆய்வாளர்கள் இதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 'செப்ட்1', 'மார்ச்1' போன்ற மரபணுக் குறியீடுகளை எக்ஸெல் தானாகவே தேதியாக மாற்றிவிடும். எக்ஸெல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மென்பொருளை மாற்ற முடியாமல், 2020இல் மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று: செப்ட்1 'செப்டின்1' ஆனது, மார்ச்1 'மார்ச்எஃப்1' ஆனது.

அதே 2020, அக்டோபர். இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான கணக்கில் 15,841 கொரோனா தொற்றுகள் விடுபட்டதை ஒப்புக்கொண்டது. ஆய்வகங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்புகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்துக்குள் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏறாது; மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. அனுப்பியது எத்தனை வரிசை, வந்து சேர்ந்தது எத்தனை வரிசை என்று ஒப்பிடும் ஒரு 'கவுன்ட்' குவெரி அன்றே இதைக் காட்டிக்கொடுத்திருக்கும். கவுன்ட் எழுதத் தெரியாத டி.பி.எம்.எஸ். மாணவர் கிடையாது. எங்கே அதை எழுத வேண்டும் என்பதைத்தான் லேப் சொல்லித்தருவதில்லை.

நல்ல செய்முறைப் பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு எதிர்ச் சான்றும் உண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று சொன்னது. சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்த அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவருக்கு வகுப்பில் தரப்பட்ட வேலை, வெளியான ஒரு கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. அவர் இதை எடுத்தார், விடை வரவில்லை. கட்டுரையாசிரியர்களிடமே கேட்டு வாங்கிய எக்ஸெல் தாளில், சராசரி எடுக்கும் சூத்திரம் 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டிருந்தது. அந்தத் தவறின் பங்கு சிறியது; சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்குக் கொடுத்த எடையும்தான் முடிவைப் பெரிதாக மாற்றியிருந்தன. தன் இரு பேராசிரியர்களோடு சேர்ந்து 2013இல் அவர் வெளியிட்ட மறுகணக்கில், 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காட்டிலிருந்து பிளஸ் 2.2 ஆனது.

மீனாட்சிக்கு இடமில்லை

நம்மூர் லேபுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அவை எந்த இறக்குமதிப் பாடநூலிலும் இருப்பதில்லை. எம்ப் டேபிளில் பெயருக்கு ஒதுக்கியது பத்து இடம். ஆரக்கிள் அதை இயல்பாகப் பைட் கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும். யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. 'மீனாட்சி' என்று எழுத எட்டுக் குறியீடுகள், 24 பைட்.

அடுத்தது பெயரின் அமைப்பு. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு நெடுவரிசை போட்ட உடனேயே தமிழ்நாட்டு மாணவர் பட்டியல் முரண்டு பிடிக்கும். இன்ஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா? எஸ். குமாரும் குமார் எஸ்.உம் ஒருவரா, இருவரா? பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமும் ஆதாரில் இன்னொரு விதமும் இருந்தால் எதை முதன்மைச் சாவியாகக் கொள்வது? தரவுத்தள வடிவமைப்பின் மிக முக்கியமான கேள்விகள் இவை. மாணவரின் சொந்தச் சான்றிதழே இதற்குப் போதுமான பாடப்பொருள்.

அகர வரிசையும் அப்படியே. யூனிகோடில் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கும் 'ப'வுக்கும் இடையில் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி. மொழிக்கேற்ற வரிசை விதியைக் குறிப்பிடாமல் 'ஆர்டர் பை' கொடுத்தால் கனகா, கபிலனுக்கும் கமலாவுக்கும் முன்னால் வந்து நிற்பார். மேட்பிளாட்லிப்பில் வரைபடத் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் அதன் இயல்பு எழுத்துருவில் தமிழே இல்லாததால் வெறும் கட்டங்கள் தெரியும். தமிழ் எழுத்துருவைச் சேர்த்த பிறகும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது பலர் கண்ட காட்சி. இதனால்தான் தமிழ்வழி மாணவர்கூட ரெக்கார்டில் தலைப்பை ஆங்கிலத்தில் போட்டு ஒப்பேற்றுகிறார். இந்தத் தடைகளை வரிசையாகத் தீர்க்க வைத்தாலே குறியாக்கம், ஒழுங்குவரிசை, எழுத்துருச் சேர்க்கை என்று மூன்று நல்ல பயிற்சிகள் கிடைக்கும்.

கேட்டால்தான் பூட்டு

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று பாதுகாப்புப் பாடம் நடத்தும் எல்லோரும் படிக்க வேண்டியது. கணினி அறிவியல் மாணவர்கள் 20 பேரிடம் ஒரு சமூக வலைத்தளத்தின் பதிவுப் பகுதியை எழுதச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சேமிக்கும்படி சொன்னார்கள், மீதிப் பேரிடம் சொல்லவில்லை. சொல்லப்படாத பத்துப் பேரில் ஒருவர்கூடப் பாதுகாப்பாகச் சேமிக்கவில்லை. சொல்லப்பட்டவர்களிலும் எல்லோரும் சரியாகச் செய்துவிடவில்லை. கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி உருமாற்றும் 'ஹாஷ்' என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் அல்லர் இவர்கள். கேள்வித்தாளில் பாதுகாப்பு என்று இல்லாததால், அது வேறு பேப்பர் என்று விட்டுவிட்டார்கள்.

இதே பழக்கம் நிறுவனத்துக்குள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை லிங்க்டின் 2012இல் காட்டியது. வெளியே கசிந்த லட்சக்கணக்கான கடவுச்சொல் ஹாஷ்களில் 'சால்ட்' சேர்க்கப்படவில்லை. ஒரே கடவுச்சொல் வைத்த இருவருக்கும் ஒரே ஹாஷ் வராமல் இருக்கச் சேர்க்கும் சிறு எழுத்துத் தொடர்தான் சால்ட். ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979லேயே யூனிக்ஸ் கடவுச்சொல் பற்றிய கட்டுரையில் இதை விளக்கியிருந்தார்கள்.

எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. படிவத்தில் பெயர் கேட்கும் இடத்தில் குவெரியின் துண்டைத் தட்டினால் தரவுத்தளம் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஓட்டை அது. 1998லேயே பகிரங்கமானது. பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் 2015 அக்டோபரில் இதே வழியாக ஏறக்குறைய 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின. தாங்கள் விலைக்கு வாங்கிய இன்னொரு நிறுவனத்தின் பழைய பக்கங்கள் தங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தகவல் ஆணையர் விதித்த அபராதம் 4 லட்சம் பவுண்டு.

மாணவர் புராஜெக்டுகளில் இந்த ஓட்டையைத் தேட வேண்டியதே இல்லை. நூலக மேலாண்மை, ஓட்டல் முன்பதிவு, மாணவர் வருகைப் பதிவு என்று ஆண்டுதோறும் சுற்றிவரும் மினி புராஜெக்டுகளில், பயனர் தட்டிய சொல்லை அப்படியே குவெரியோடு ஒட்டிவிடும் வரி சாதாரணம். தடுக்கும் வழியோ ஒரே வரி: மதிப்புகளைத் தனியாக அனுப்பும் பாராமீட்டர் குவெரி. டி.பி.எம்.எஸ். லேபின் முதல் வாரத்திலேயே இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் பாதுகாப்புப் பேப்பருக்காக மூன்று பருவம் காத்திருக்க வேண்டாம்.

தாக்குதலைக் கையால் செய்து பார்க்கவும் ஏற்பாடுகள் உண்டு. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வென்லியாங் டு 2002இல் தொடங்கிய 'சீட் லேப்' பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓவாஸ்ப் அமைப்பின் 'ஜூஸ் ஷாப்' வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டிய இணையக் கடை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'பிகோ சி.டி.எஃப்.' பள்ளி மாணவர்களுக்கான போட்டி. இந்தியாவில் அமிர்தா பல்கலைக்கழகம் 'இன் சி.டி.எஃப்.' நடத்துகிறது. சட்டத்தின் எல்லையையும் இதே லேபில் சொல்லியாக வேண்டும். அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கோடு அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். கல்லூரி இணையதளத்தில் விளையாட்டாகத் தட்டிப் பார்த்தாலும் அது பயிற்சிக் கணக்கில் வராது.

இன்னொரு கசிவு புராஜெக்டைச் சமர்ப்பிக்கும்போது நடக்கிறது. வேலை தேட உதவும் என்று மாணவர்கள் நிரலைக் கிட்ஹப்பில் ஏற்றுகிறார்கள்; தரவுத்தளக் கடவுச்சொல்லும் ஏ.பி.ஐ. சாவியும் உடன் ஏறிவிடுகின்றன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல், இப்படிச் சாவி கசிந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்களைக் கண்டார்கள். பின்னால் வந்து அழித்தாலும் பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும்.

படம் காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்

பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவு 0.816. படமாகப் போட்டால் ஒன்று சிதறிய சாய்கோடு, ஒன்று வளைவு, ஒன்று நேர்கோட்டில் தனித்து விலகிய ஒரு புள்ளி, மற்றொன்று செங்குத்தாக நிற்கும் புள்ளிகள். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு இதைவிடச் சுருக்கமான எச்சரிக்கை கிடையாது.

எந்தப் படம் என்பதும் முக்கியம். வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் நடத்திய சோதனைகளில், பொதுவான அளவுகோலில் அமைந்த இடத்தை மனிதக் கண் துல்லியமாக ஒப்பிடுவதும், கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுவதும் தெரியவந்தன. வட்ட வரைபடம் கோணத்தை நம்பி நிற்கிறது. ஆனாலும் நம் ரெக்கார்டுகளில் ஐந்து பாட மதிப்பெண்ணை வட்டமாகப் போடும் பயிற்சி தொடர்கிறது. மதிப்பெண்களைக் கூட்டி வட்டமாக்குவதற்குப் பொருளே இல்லை என்று எந்த எக்ஸ்டெர்னலும் கேட்பதாகத் தெரியவில்லை.

படத்துக்குள் பாதுகாப்புச் சிக்கல் ஒளிந்திருப்பதை 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா விவகாரம் அம்பலப்படுத்தியது. ஓட்டப் பயிற்சி செய்வோரின் ஜி.பி.எஸ். தடங்களை ஒன்றுசேர்த்து அந்த நிறுவனம் உலக வெப்ப வரைபடம் ஒன்றை வெளியிட்டிருந்தது. யாருடைய பெயரும் அதில் இல்லை. நேதன் ரூசர் என்ற இருபது வயது ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்து, சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் இருண்ட நிலப்பரப்பின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். வீரர்கள் காலையில் ஓடிய தடங்கள் அவை.

பெயரை நீக்கினால் போதும் என்ற நம்பிக்கை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே உடைந்திருந்தது. மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவத் தரவு பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டபோது, எம்.ஐ.டி. ஆய்வு மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு அதை இணைத்து, ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பையே எடுத்துவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றுமே போதுமாக இருந்தன. அவர் செய்தது, நுட்பத்தின் அளவில், டி.பி.எம்.எஸ். லேபில் கற்கும் ஒரு ஜாயின்.

நான்கு ஏரிகள்

மூன்று லேபையும் ஒரே தரவு கடந்துபோவது நடைமுறையில் எப்படி இருக்கும்? சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் தினசரி அளவு பொதுவெளியில் வெளியாகிறது. அவற்றின் முழுக் கொள்ளளவு: பூண்டி 3,231, சோழவரம் 1,081, செங்குன்றம் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி. நான்கும் சேர்ந்து 11,257. மட்டம் அடியில், இருப்பு மில்லியன் கன அடியில், வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில் வரும். ஏரியின் மாறாத விவரம் ஒரு டேபிள், தினசரி அளவு ஒரு டேபிள், மழை ஒரு டேபிள் என்று பிரித்தாலே இயல்பாக்கம் எதற்கு என்பது புரியும்.

2020 நவம்பரில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியோடு சேர்ந்தது. சில கணக்குகளில் வீராணத்தின் 1,465உம் கூடுகிறது. அப்போது மொத்தக் கொள்ளளவு 13,222. ஆக, 'மொத்தக் கொள்ளளவில் இத்தனை விழுக்காடு' என்ற தொடர் நடுவில் வேறு பொருளுக்குத் தாவிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் வறண்ட 2019ஐ இன்றைய ஆண்டோடு ஒரே கோட்டில் இணைப்பவர் தவறான படத்தை வரைவார். வரைவதிலும் தேர்வு இருக்கிறது: கன அடியில் போட்டால் சோழவரம் எப்போதும் காய்ந்தது போலத் தெரியும், விழுக்காட்டில் போட்டால் நிரம்பிய சோழவரமும் நிரம்பிய செம்பரம்பாக்கமும் சமமாகிவிடும். எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று மாணவர் எழுதிக் காட்ட வேண்டும்.

இதில் யாருடைய அந்தரங்கமும் இல்லையே, பாதுகாப்புக்கு என்ன வேலை? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் செம்பரம்பாக்கத்தில் எப்போது எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பதே பெரும் சர்ச்சையானது. அப்படிப்பட்ட தரவில் முதன்மையானது ரகசியமல்ல, நம்பகம். ஒரு வரிசையை யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று பதியும் டிரிக்கர், எழுதும் உரிமையையும் படிக்கும் உரிமையையும் பிரிக்கும் 'கிராண்ட்' கட்டளை, வேறிடத்தில் ஒரு காப்புப் படி. மூன்றும் ஏற்கெனவே டி.பி.எம்.எஸ். பாடத்தில் இருப்பவை. காரணம் மட்டும்தான் அங்கே சொல்லப்படுவதில்லை.

மதிப்பெண் எதற்கு?

இப்படி நடத்த ஆசிரியர்களுக்கு விருப்பமில்லை என்று சொல்வது நியாயமல்ல. பொதுத்தேர்வின் செய்முறைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒரே நாளில் பல பேரைப் பார்த்து முடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விடை வரும் கேள்விதான் அவருக்கு வசதி. அழுக்குத் தரவில் இரண்டு மாணவர்கள் இரண்டு நியாயமான முடிவுக்கு வரலாம். ஆனால் அந்த வசதியும் இப்போது கரைந்துவருகிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் கேட்டால் எம்ப் டேபிளுக்கான எந்தக் குவெரியும், எந்தப் பட்டை வரைபடமும் நொடியில் வந்துவிடும். வெளியீடு சரியா என்று மட்டும் பார்க்கும் தேர்வு இனி மாணவரை அளக்காது.

அளக்க மிஞ்சியிருப்பது, 30இல் 5 மதிப்பெண்ணோடு ஓரமாக இருக்கும் வைவா. இந்த வரிசையை ஏன் நீக்கினாய், இந்த நெடுவரிசையை யார் பார்க்கலாம், இந்த அச்சு ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்ற மூன்று கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். புராஜெக்டுக்கான 5 மதிப்பெண்ணையும் இதோடு சேர்த்து, மாணவர் எடுத்த முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னால், பாடத்திட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாமலே தொடங்கிவிடலாம்.

அவசரத்துக்குக் காரணம் சட்டத்திலும் இருக்கிறது. இந்தியாவின் எண்ம வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம். பதினெட்டு வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பலர் அந்த வயதுக்குள் இருப்பவர்கள்; புராஜெக்டுக்காகக் கூகுள் ஃபார்மில் வகுப்புத் தோழர்களின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் என்று திரட்டும்போது அவர்கள் சேர்ப்பது இந்தச் சட்டம் தனிக் கவனம் கொடுத்திருக்கும் தரவைத்தான். அந்த ஃபார்மில் பிறந்த தேதி எதற்கு, புராஜெக்ட் முடிந்தபின் அந்தக் கோப்பு யாரிடம் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளை இந்த ஆண்டு ரெக்கார்டிலேயே சேர்த்துவிடலாம்.